கரையாத நீலம்

அந்த அரை எலுமிச்சம்பழம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது மட்டும் எழில்மதிக்குப் புரியவில்லை.

மற்றதெல்லாம் புரிந்தது. சுவரில் உத்தரம் வரைக்கும் தெறித்திருந்த ரத்தம், அடித்தவன் உலக்கையைப் பலமுறை ஓங்கி ஓங்கி எடுத்திருக்கிறான் என்று சொன்னது. கல் இடிக்கிற அந்தக் குட்டை இரும்பு உலக்கையின் நுனியில் நரைமுடி ஒட்டியிருந்தது. முதல் அடி பின்மண்டையில். பெரியவர் மேஜைமேல் குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்த அடி. மீதி அடிகள் அவர் தரையில் விழுந்த பிறகு. அத்தனை அடி தேவையே இல்லை.

மேஜையில் ஒரு பேனாக்கத்தி. ஒரு பூதக்கண்ணாடி. அதன் பக்கத்தில் குறுக்கே வெட்டிய அரை எலுமிச்சம்பழம். வெட்டிய முகத்தின் நடுவில் சின்னக் குழி, குழிக்குள் நீலமும் பச்சையும் கலந்த ஈரம், இரண்டு மூன்று நீலத் துணுக்கு. சுற்றிலும் சிவப்புப் புள்ளிகள்.

"குங்குமம்னு சொல்றாங்கம்மா," என்று வாசலில் நின்றபடி அழுதாள் செவ்வந்தி. "சூனியம் வச்ச பழமாம். மலைக்காரன்தான் வச்சான், வச்சிட்டு அடிச்சிக் கொன்னுட்டு ஓடிட்டான்னு ஊரே சொல்லுது."

"குங்குமம் இல்ல. ரத்தம்," என்றாள் எழில்மதி.

"சூனியம் வச்சவன் உலக்கையாலயும் அடிப்பானா மேடம்?" என்றான் கொளஞ்சியப்பன். "ஒண்ணு அது, இல்லாட்டி இது. ரெண்டையும் செஞ்சா அவனுக்கே அவன் மந்திரத்து மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் எழில்மதி, அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் போலீஸ் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்தவள். கொளஞ்சியப்பன் அவளுடைய டிரைவர், உதவியாளர், சில மாதங்களில் கடன்காரன். வாய் மட்டும் சம்பளம் இல்லாமலே வேலை செய்யும்.

செவ்வந்தி இந்த வடக்கனந்தல் வீட்டில் சமையல் வேலை செய்பவள். காலையில் முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தவள், புரபசர் சுப்புராயன் கிடந்த கோலத்தைப் பார்த்துக் கத்தினாள். எழில்மதியை போனில் கூப்பிட்டதும் அவள்தான். சுப்புராயன் கல்லூரியில் கனிமவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். நாற்பது கண்ணாடிப் பெட்டிகளில் நாற்பது கல் வைத்திருந்தார். அதில் முப்பத்தொன்பது இருந்தது. காணாமல் போனது ஒரு நீலக்கல்.

செவ்வந்தியின் புருஷன் மாயவன், மலையில் விதவிதமான பாறைத்துண்டு கிடைத்தால் கொண்டுவந்து புரபசரிடம் காட்டுவான். நேற்று மத்தியானமும் வந்திருந்தான். அது போதுமாக இருந்தது. பிணம் ஆஸ்பத்திரிக்குப் போனதும், புரபசரின் தம்பி வீரமணி ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று பைக்கில் கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிட்டார்.

"கைகால ஒடிச்சி அருவிக்கு மேல இருந்து தள்ளிட்டுத்தான் வருவோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்கம்மா. எல்லார் கையிலயும் கொடுவா. அந்தாளு நேத்து விளக்கு வைக்கிறதுக்குள்ள வூடு வந்துட்டாரு. நான் சொன்னா யாரும்மா கேக்கறாங்க?"

"போய் எவ்வளவு நேரம் ஆகுது?"

"அரை மணி."

எழில்மதி இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டாள். அவர் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பிவிட்டார், ஆனால் நாற்பது நிமிஷம் பின்னால் இருந்தார். அவள் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து புரபசரின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

"செவ்வந்தி, புரபசருக்கு உடம்பு எப்படி இருந்தது?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. கண்ணுதான். ரெண்டு கண்ணுலயும் புரை. போன வாரம்தான் ஆபரேஷன் ஆச்சி. அவரு அக்கா மவன் சிவசங்கருதான் கூடவே இருந்து சொட்டு மருந்து ஊத்தினாரு. நேத்துதான் கருப்புக் கண்ணாடிய கழட்டினாரு. கழட்டிட்டு, 'செவ்வந்தி, வானம் இவ்ளோ நீலமாடி?'ன்னு கேட்டாரு." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

*

ஆம்னி வேன் கோமுகி அணையைத் தாண்டி ஓடியது. எழில்மதி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகிய கை. எழுத்து ஒவ்வொன்றும் உட்கார்ந்து பேசியது.

"சத்தமா படிங்க மேடம். எனக்கும் அறிவு வளரட்டும். வயிறு மட்டும்தான் வளருது."

அவள் படித்தாள்.

"'நீலமாக இருக்கிற கல்லெல்லாம் சொந்தக்காரர்கள் அல்ல. தாமிரம் சேர்ந்தால் பல கற்கள் நீலமாகவோ பச்சையாகவோ ஆகும். ஆனால் கனிமத்தைத் தாமிரத்தை வைத்து வகுப்பு பிரிப்பதில்லை. தாமிரம் யாரோடு குடித்தனம் நடத்துகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறோம். கந்தக அமிலத்தின் வழியில் வந்ததோடு சேர்ந்தால் அது சல்பேட். நம் கடைகளில் விற்கும் மயில்துத்தம் அதுதான். கரியமில வாயுவின் வழியில் வந்ததோடு சேர்ந்தால் கார்பனேட். அசுரைட் என்கிற நீலக்கல் அந்த வகை, நிறைய கிடைக்கும். ஆர்சனிக்கின் வழியில் வந்ததோடு சேர்ந்தால் ஆர்சனேட்.'"

"ஆர்சனிக்னா விஷமாச்சே?"

"விஷம்தான். கேளு. 'என் நாற்பதாவது பெட்டியில் இருப்பது லிரோகோனைட். தாமிரம், அலுமினியம், ஆர்சனிக், கொஞ்சம் தண்ணீர் எல்லாம் கட்டுக்குள் நிற்கிற ஆர்சனேட். இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கத்தில் மூடிப்போன ஒரு சுரங்கத்தில் கிடைத்தது. அங்கே கூட வேலை பார்த்த நண்பர் பிரியும்போது கொடுத்தார். நாவல்கொட்டை அளவுதான், ஆனால் சேகரிப்பவர்கள் கேட்ட விலை கொடுப்பார்கள். வெளிறிய வானத்து நீலம். ரொம்ப மெத்தென்ற கல், நகம் பட்டாலே கோடு விழலாம். கரித்துண்டில் வைத்து ஊதுகுழலால் சுட்டால் பூண்டு வாசனை வரும். செய்யாதே, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.'"

"கல்லுலயே ரசம் வைக்கலாம்போல. குடிச்சவன் மட்டும் எழுந்திருக்க மாட்டான்."

மலையடிவாரத்தில் வனத்துறை சோதனைச் சாவடி. கம்பு குறுக்கே இருந்தது. காவலர் வண்டி எண்ணை நிதானமாக எழுதினார். எழில்மதிக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் மாயவனின் ஒரு எலும்பு முறிவதுபோல் இருந்தது.

கொளஞ்சியப்பன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இறங்கினான். சாவடி ஓரத்துப் பெட்டிக்கடையில் நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கிளாஸ் தண்ணியும் வாங்கினான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, ஆப்பசோடாவைக் கிளாஸில் கொட்டி, பழத்தைப் பிழிந்தான். புஸ்ஸென்று நுரை பொங்கி அவன் கையில் வழிந்தது.

"கேஸ் டிரபிள் மேடம். காலையில ரத்தத்தைப் பாத்ததுல இருந்து ஒரே..."

"அப்படியே நில்லு!"

கிளாஸை வாயில் வைக்கப்போனவன் அப்படியே நின்றான்.

"சோடா உப்பு எந்த வகுப்பு?"

"மளிகைக் கடைல மூணாவது தட்டு."

"கார்பனேட் வகை. அதுல எலுமிச்சம் புளிப்பு பட்டா உள்ள அடைஞ்சு கிடக்கிற கரியமில வாயு விட்டா போதும்னு வெளிய ஓடும். அதுதான் நுரை." அவள் குரல் வேகமானது. "புரபசர் சூனியத்துக்கும் பழம் வெட்டல, சர்பத்துக்கும் வெட்டல. தன் நீலக்கல்லுல ஒரு துணுக்கைப் பேனாக்கத்தியால சுரண்டி, பழத்துக்கு நடுவுல போட்டு, பூதக்கண்ணாடியில பாத்தாரு. ஆர்சனேட்டா இருந்தா நுரைக்காது. கார்பனேட்டா இருந்தா மெதுவா நுரைக்கும். தாமிரம் கரைஞ்சு பழமும் நீலமாகும்."

"அவரு கல்லை அவரே எதுக்கு சந்தேகப்படணும்?"

"கண்ணுல புரை முத்தினா அது மஞ்சக் கண்ணாடி போட்ட மாதிரி. நீலத்தைத்தான் முதல்ல விழுங்கும். எந்த நீலமும் மங்கலாத்தான் தெரியும். புரையை எடுத்த பிறகு வானமே கண்ணைக் குத்துற நீலமா தெரிஞ்சிருக்கு. கல்லும் அவர் நினைச்சதைவிட ஆழமான நீலமா தெரிஞ்சிருக்கு. மாறினது கல்லா, கண்ணா? கண்ணை நம்ப முடியல. அதனால பழத்தைக் கேட்டாரு."

"பழம் இன்னா சொல்லிச்சி?"

"கல்லு மாறிடுச்சுன்னு சொன்னது. சொன்ன நேரத்துல, அதை மாத்தினவன் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான்."

கம்பு மேலே உயர்ந்தது. கொளஞ்சியப்பன் நுரையை ஒரே மடக்கில் குடித்து ஏப்பம் விட்டபடி வண்டியை எடுத்தான். மீதி மூன்று பழமும் எழில்மதியின் மடியில் உருண்டன.

*

கரியாலூருக்கு மேலே, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து வீடுகள். ஆம்பளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் நாலைந்து பேர் தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பலாமரத்தில் மாயவனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கி மார்பில் சொட்டியது. வலது கையில் இரண்டு விரல்கள் போகக்கூடாத திசையில் மடங்கியிருந்தன. எழில்மதி வேனிலிருந்து குதித்தபோது மூன்றாவது விரல் ஒருவன் பிடியில் இருந்தது.

"விடுடா அவனை!"

"நீ யாரும்மா?" வீரமணி திரும்பினார். அறுபது வயது, கரும்பு வெட்டி இறுகிய தோள். கையில் கொடுவாள். கண்கள் அழுது சிவந்திருந்தன. "எங்க அண்ணன் மூளைய நான் துணியில அள்ளிக் குடுத்தேன் ஆஸ்பத்திரிக்கு. தெரியுமா உனக்கு? தள்ளு."

"உங்க அண்ணனைக் கொன்னவனைத்தான் நானும் தேடி வந்திருக்கேன். கல்லு கிடைச்சுதா?"

வீரமணி மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். நல்ல நீலம். "இவன் வூட்டு அரிசிப் பானைல இருந்துச்சி. இன்னும் இன்னா வேணும்?"

"அஞ்சு நிமிஷம் வேணும். அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் அவர் கொடுவாளையே கேட்டு வாங்கினாள். கேட்ட தைரியத்தைப் பார்த்து அவரும் கொடுத்துவிட்டார். அதன் முனையால் கல்லின் ஓரத்தைச் சுரண்டி, விழுந்த பொடியை ஒரு பலா இலையில் ஏந்தினாள். கொளஞ்சியப்பன் பழத்தை வெட்டிக் கொடுத்தான். பிழிந்தாள்.

"கிட்ட வந்து பாருங்க. அவசரப்படாம பாருங்க."

வீரமணி குனிந்தார். நீலப் பொடியைச் சுற்றி ஊசிமுனை ஊசிமுனையாகக் குமிழ்கள் கிளம்பின.

"நுரைக்குது," என்றார்.

"நுரைச்சா இது அசுரைட். சாதாரணக் கல்லு. உங்க அண்ணன் கல்லு நுரைக்காது. இது யாரோ மாத்தி வச்ச போலி. அதை நேத்து சாயந்தரம் அவர் இதே மாதிரி பழத்தைப் பிழிஞ்சு கண்டுபிடிச்சிட்டாரு."

வீரமணி அந்த நுரையை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டார். "அப்ப அசலத் திருடினவனும் இந்தப் பையன்தான்!" ஓங்கிய கை மாயவன்மேல் இறங்குமுன் கொளஞ்சியப்பன் குறுக்கே விழுந்தான். கொடுவாளின் பிடி அவன் வாயில் மோதியது. ஒரு பல்லைக் கையில் துப்பிப் பார்த்தான்.

"சொத்தைப் பல்லுதான் பெரியவரே. டாக்டர் எட்டு மாசமா எடுக்கச் சொல்லிக்கினு இருந்தாரு."

"வீரமணி ஐயா," என்றாள் எழில்மதி. குரலை உயர்த்தவில்லை. "அரிசிப் பானைல கல்லு இருக்குன்னு கண்டுபிடிச்சது யாரு? நீங்களா?"

"சிவசங்கரு. அவன்தான் முதல்ல உள்ள பூந்தான்."

"தனியாவா?"

வீரமணி பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

பின்னால் பைக்கின்மேல் சாய்ந்து நின்றவன் நிமிர்ந்தான். கள்ளக்குறிச்சியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிற சிவசங்கர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "இன்னா மாமா, யாரோ வந்து எதையோ பிழிஞ்சிக் காட்டினா, பெரிய மாமாவ கொன்னவன உட்ருவியா? வெட்டுன்னா வெட்ட மாட்ற!"

அவன் பேசும்போது இடது கை பைக்கின் முன்னால் தொங்கிய துணிப்பையைத் தடவியது. வந்ததிலிருந்து மூன்றாவது முறை. எழில்மதி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பையில என்ன சார்?"

"மயில்துத்தம். மேல வெள்ளிமலைல ஒருத்தரு மிளகுக் கொடிக்குக் கேட்டாரு. போற வழிதானே."

"சாவு வூட்ல இருந்து யாவாரமா?" என்றான் கொளஞ்சியப்பன், ரத்தம் வழியும் வாயோடு. "பாடை கட்ற எடத்துல பூ விக்கிறவன்கூட அரை நாள் லீவு உடுவான்."

ஆனால் வீரமணி சிரிக்கவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. முப்பது வருஷமாக மருந்து அடித்த விவசாயி அவர். "தை மாசம்டா இது," என்றார் மெதுவாக. "மழைக்கு முன்னாடி அடிக்கிறத, தைல எவன்டா அடிப்பான்? சரி, அடிக்கிறான்னே வச்சிக்குவோம். சுண்ணாம்பு எங்க? சுண்ணாம்பு இல்லாம மயில்துத்தத்த அடிச்சா கொடியே கருகிப் பூடும். கடைக்காரன் உனக்கு நான் சொல்லணுமா?"

எழில்மதி பைக்கின் அருகில் போய்த் துணிப்பைக்குக் கை நீட்டினாள்.

சிவசங்கர், பக்கத்தில் நின்றவனின் இடுப்பிலிருந்து கத்தியை உருவி வீசினான். எழில்மதியின் முன்கையில் சுரீரென்று ஒரு தீக்கோடு. கீழே பார்த்தால் முழங்கை வரை சதை பிளந்திருந்தது. அடுத்த வீச்சு கழுத்துக்கு வந்தது. அது வந்து சேரவில்லை. வீரமணியின் முஷ்டி அவன் தாடையில் இறங்கி, எலும்பு முறிகிற சத்தம் பலாமரம் வரை கேட்டது. மண்ணில் மல்லாந்து விழுந்தவன் கழுத்தின்மேல் பெரியவர் காலை வைத்தார்.

"நீ செய்யறத செய்யும்மா," என்றார். மூச்சு இரைத்தது. "இவனுக்கு நான் காவலு."

எழில்மதி துப்பட்டாவால் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் தயங்கித் தயங்கி பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எழில்மதி துணிப்பையிலிருந்து மயில்துத்தப் பாக்கெட்டை எடுத்தாள். அதன் வாய் ஏற்கெனவே ஒருமுறை பிரித்து மடித்து ஒட்டப்பட்டிருந்தது. அரைக் கிலோ நீலப் பரல்கள். சின்னதும் பெரியதுமாக, எல்லாம் ஒரே மாதிரி மினுங்கின.

"நீலத்துக்குள்ள நீலத்தை ஒளிச்சா எந்தச் சாவடியிலயும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கையால பொறுக்கினா நானும் ஏமாந்துடுவேன். அதனால பொறுக்கப் போறதில்ல," என்று சொல்லி முழுவதையும் வாளியில் கொட்டினாள். "கலக்குங்க ஐயா."

வீரமணி காலை எடுக்காமலே குனிந்து கொடுவாளை வாளிக்குள் விட்டுக் கலக்கினார். பரல்கள் சரசரத்தன. மெல்ல மெல்ல அந்தச் சத்தம் குறைந்தது. தண்ணீர் மயில் கழுத்தாக மாறியது. ஏழெட்டு நிமிஷம் அவர் கலக்கிக்கொண்டே இருந்தார். மாயவன் மூச்சுவிடும்போது உள்ளே ஏதோ களகளவென்றது. அது மட்டும்தான் சத்தம்.

வீரமணி கொடுவாளை வெளியே எடுத்தபோது அதன் இரும்பு செக்கச் சிவந்திருந்தது. பெண்கள் அலறினார்கள்.

"ரத்தம் இல்ல, பயப்படாதீங்க," என்றார் அவர். "மயில்துத்தத் தண்ணில இரும்ப விட்டா செம்பு ஏறும். மருந்து கலக்கறப்ப நாங்க இப்படித்தான் பாப்போம். எல்லாம் கரைஞ்சி போச்சி."

"எல்லாமும் இல்ல," என்றாள் எழில்மதி.

வாளியைச் சாய்த்தாள். நீலத் தண்ணீர் குழிக்குள் வடிந்தது. அடியில் நாவல்கொட்டை அளவில் ஒன்று மட்டும் டொக்கென்று உருண்டு நின்றது. நல்ல தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்தாள். வெளிறிய வானத்து நீலம். ஓரத்தில் நகநுனி அளவு ஒரு பொடியைச் சுரண்டி எலுமிச்சைச் சாற்றில் போட்டாள். எல்லாத் தலைகளும் குனிந்தன. ஒரு குமிழ்கூட வரவில்லை.

வீரமணி பலாமரத்தடிக்குப் போய்க் கயிற்றை அறுத்தார். சரிந்த மாயவனைத் தோளில் தாங்கிக்கொண்டார். முறிந்த விரல்களைப் பார்த்தார், பிறகு பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினார். கீழே வளைவில் போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. தரையில் கிடந்தவன் தாடையைப் பிடித்துக்கொண்டு புரண்டான்.

"எப்படிம்மா?" என்றார் வீரமணி. "எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இவன் அம்மா, எங்க அக்காகிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்."

"உங்க அண்ணன் கண்ணுல புரை இருந்த மாசங்கள்ல சிவசங்கர் அசல் கல்லை எடுத்துட்டு அசுரைட்டை வச்சான். புரையை எடுத்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது, பழத்தைப் பிழிஞ்சு பாத்தாரு, கல்லு நுரைச்சுது. அதை அவன் பின்னாடி இருந்து பாத்துட்டான். அடிச்சுக் கொன்னான். போலியை எடுத்துக்கிட்டு வந்து மாயவன் பானையில போட்டான். அசலை மயில்துத்தத்துல கலந்து, நீங்க மாயவனை வெட்டி முடிச்சதும் மலைக்கு அந்தப் பக்கம் சேலத்துக்கு இறங்கிப் போக இருந்தான். மூணுமே தாமிரம், மூணுமே நீலம். ஆனா சல்பேட் தண்ணில கரையும், கார்பனேட் புளிப்புல நுரைக்கும். ரெண்டும் செய்யாத இந்த ஆர்சனேட்தான் உங்க அண்ணன் கல்லு. இது இருந்தது அவன் பையில."